ரிஸ்க்-ஃபைவ் கோரில் சொந்தக் கட்டளை: பழைய பைனரி உடையாமல் சேர்ப்பது எப்படி

ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுதியில் இயங்கும் ப்ராசஸர் கோரில், நாமே ஒரு புதுக் கட்டளையைச் சேர்க்கலாம். அந்தச் சொந்தக் கட்டளையைக் கணக்கிடும் சர்க்யூட்டை எழுதுவது பெரும்பாலும் சுலபம். அடுத்தவர் கம்பைல் செய்து வைத்த பைனரி, ஒரு பிட்கூட மாறாமல், உங்கள் சிப்பிலும் ஓட வேண்டும் என்பதுதான் கஷ்டம்.

முதலில், கட்டளை தேவையா என்று பாருங்கள். இரண்டு ரெஜிஸ்டர் (கோருக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) உள்ளே, ஒன்று வெளியே, சில சைக்கிளில் முடியும் வேலை என்றால் சேர்க்கலாம். கிலோபைட் கணக்கில் தரவை மெல்லும் வேலை என்றால் மெமரி-மேப் செய்த (மெமரி முகவரி வழியாகக் கோர் பேசும்) தனி ஆக்சிலரேட்டரே நல்லது. அதில் கட்டளைத் தொகுதியைத் தொடவே வேண்டாம். பிட் எண்ணுவது, சுழற்றுவது போன்றவை ஸெட்பிபி என்ற தர நீட்சியில் (கூடுதல் கட்டளைத் தொகுப்பு) ஏற்கெனவே இருக்கின்றன. கம்பைலருக்கும் அவை தெரியும்.

அடுத்தது இடம். 32 பிட் கட்டளையில் கடைசி 7 பிட்தான் ஆப்கோட், அதாவது கட்டளையின் வகையைச் சொல்லும் எண். கஸ்டம்-0 (0001011), கஸ்டம்-1 (0101011) இரண்டும் உங்களுக்கென்றே விட்டுவைத்தவை. கஸ்டம்-2, கஸ்டம்-3 இரண்டும் 128 பிட் வகைக்கும் குறிக்கப்பட்டிருப்பதால் கடைசியில் தொடுங்கள். மற்றபடி காலியாகத் தெரிவதெல்லாம் காலி இல்லை; வருங்காலத் தரத்துக்கு ஒதுக்கிய இடம். உதாரணமாக, தி-ஹெட் நிறுவனத்தின் சி906, சி910 கோர்கள் வெக்டர் நீட்சியின் (ஒரே கட்டளையில் பல எண்களைக் கணக்கிடுவது) 0.7.1 வரைவை வைத்து வந்தன. 2021-இல் 1.0 உறுதியானபோது என்கோடிங் (பிட் அமைப்பு) இடம் அதேதான், பொருள் பொருந்தவில்லை. 1.0-க்கு எழுதிய வெக்டர் நிரல் அவற்றில் சரியாக ஓடாது. அந்தக் கோர்களுக்கென்று தனி நீட்சிப் பெயரே வைக்க வேண்டி வந்தது.

ஏ1, ஏ2 ரெஜிஸ்டர் இரண்டையும் எடுத்து ஏ0 ரெஜிஸ்டரில் விடை வைக்கும் கட்டளை, இடமிருந்து வலமாக:

0000000 01100 01011 000 01010 0001011

அதாவது ஃபங்க்ட்7, ஏ2 (12), ஏ1 (11), ஃபங்க்ட்3, ஏ0 (10), ஆப்கோட். அடைப்பில் உள்ளது ரெஜிஸ்டர் எண்; ஃபங்க்ட்7, ஃபங்க்ட்3 இரண்டும் ஒரே ஆப்கோடுக்குள் எந்தக் கட்டளை என்று பிரிக்கும் 7, 3 பிட் புலங்கள். ஃபங்க்ட் இரண்டும் சேர்ந்து ஒரே ஆப்கோடில் 1024 கட்டளைக்கு இடம் தரும். கட்டளையைப் படித்துப் பிரிக்கும் டிகோடர் ஆப்கோடோடு நின்றுவிடக் கூடாது, ஃபங்க்ட் இரண்டும் சேர்த்து 17 பிட்டையும் சரிபார்க்க வேண்டும். பொருந்தாவிட்டால் சட்டவிரோதக் கட்டளை டிராப் (நிரலை நிறுத்தி, இயங்குதளத்தின் மையமான கர்னலிடம் ஒப்படைப்பது; காரண எண் 2). சோம்பலாக ஃபங்க்ட்7-ஐ விட்டால், 128 என்கோடிங்கும் ஒரே வேலையைச் செய்யும். அடுத்த பதிப்பில் அந்த ஃபங்க்ட்3-க்குள் புதுக் கட்டளை சேர்க்க இடமிருக்காது.

கூடியவரை புது ரெஜிஸ்டர் வைக்காதீர்கள். உள்ளே ஒரு அக்யுமுலேட்டர் (விடையைச் சேர்த்துக்கொண்டே போகும் ரெஜிஸ்டர்) வைத்தால் அது கர்னலுக்குத் தெரியாது. கான்டெக்ஸ்ட் மாறும்போது, அதாவது ஒரு ப்ராசஸிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது, அதைச் சேமிக்காது. ஒரு ப்ராசஸின் பாதிக் கணக்கு இன்னொன்றில் கலந்துவிடும். கோரின் நிலையைக் காட்டும் எம்ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் உள்ள எக்ஸ்எஸ் புலம், சொந்த நீட்சியின் நிலை மாறியதைக் குறிக்கத்தான். சேமிக்கும் நிரலை நீங்கள்தான் கர்னலில் எழுத வேண்டும். பல சைக்கிள் எடுக்கும் கட்டளை என்றால், நடுவில் இன்டரப்ட் வந்தாலும் கமிட் ஆகும்வரை (கட்டளை முடிந்தது உறுதியாகும்வரை) எதையும் எழுதக் கூடாது. விடை எக்ஸ்0-க்கு (எப்போதும் பூஜ்யமாக இருக்கும் ரெஜிஸ்டர்) போனால் அது விழுந்துவிட வேண்டும், விடையை அடுத்த கட்டளைக்கு நேரே கொடுக்கும் ஃபார்வர்டிங் பாதையிலும் தலைகாட்டக் கூடாது. இதைப் பலரும் மறப்பார்கள்.

கம்பைலரை உடனே திருத்த வேண்டியதில்லை. க்னூ அசெம்ப்ளரின் 'டாட் இன்ஸன்' (.insn) டைரக்டிவில் ஆப்கோடையும் ஃபங்க்ட் எண்களையும் கொடுத்து, ஒரு இன்லைன் ஃபங்க்ஷனுக்குள் மூடிவிடுங்கள். நீட்சிப் பெயர் எக்ஸ் எழுத்தில் தொடங்க வேண்டும். மொத்த சிஸ்டத்தையும் அந்தப் பெயரோடு கம்பைல் செய்யாமல், அந்த ஒரு ஃபங்க்ஷனுக்கு மட்டும், சாதாரண சி வடிவத்தையும் பக்கத்தில் வைத்து, ஓடும்போது தேர்ந்தெடுங்கள்.

எப்படித் தேர்ந்தெடுப்பது? கட்டளையை ஓட்டிப் பார்த்து சிக்இல் (சட்டவிரோதக் கட்டளை என்ற) சிக்னல் வருகிறதா என்று சோதிப்பது ஆபத்து. இன்னொருவர் சிப்பில் அதே கஸ்டம்-0 வேறு கட்டளையாக இருக்கலாம். டிராப் வராமல் தப்பான விடை வரும். எந்த நீட்சிகள் உண்டு என்று காட்டும் மிஸா ரெஜிஸ்டரின் 23-ஆம் பிட் 'தரமற்ற ஏதோ ஒன்று இருக்கிறது' என்பதோடு நிறுத்திக்கொள்ளும். லினக்ஸ் 6.4 முதல் உள்ள ஹெச்டபிள்யூப்ரோப் (சிப்பில் என்ன உண்டு என்று நிரல் கர்னலைக் கேட்கும்) அழைப்பில் உங்கள் நீட்சியைச் சேர்ப்பதே சரியான வழி. எல்லாக் கோரிலும் கட்டளை இருக்கட்டும். ஒன்றில் இல்லாவிட்டால், த்ரெட் அங்கே நகர்ந்த நொடியில் நிரல் செத்துவிடும்.

சோதனைக்கு, ஸ்பைக் சிமுலேட்டரில் அதே கட்டளையை எழுதி, கமிட் ஆகும் ஒவ்வொரு கட்டளையையும் ஆர்டிஎல்லோடு (சிப்பின் வடிவமைப்பு நிரல்) ஒப்பிடுங்கள். அதிகாரபூர்வ ஆர்க்-டெஸ்ட் தொகுப்பை நீட்சி இருக்கும்போதும், அணைத்த பிறகும் ஓட்டுங்கள். அணைத்த சிப்பில் உங்கள் சொந்த பைனரியையும் ஓட்டுங்கள்: சி வடிவத்துக்குத் தானாகப் போய் அதே விடை வர வேண்டும்.