முதல் ராக்கெட் பாகத்தைக் கையில் எடுக்கும் பட்டறைக்கு

கோவையில் எங்கள் பட்டறையில் மூன்று சி.என்.சி. லேத், ஒரு வி.எம்.சி. (கம்ப்யூட்டரில் ஓடும் மில்லிங் மெஷின்), ஒரு பழைய சென்டர் லேத் இருக்கின்றன. மெஷின் பக்கத்தை வீட்டுக்காரர் பார்க்கிறார். அளவெடுப்பது, காகிதம், அனுப்புவது எல்லாம் என் பொறுப்பு. பம்பு ஷாஃப்ட், நூற்பாலை மெஷின் பாகங்கள் என்று ஓடிக்கொண்டிருந்த நாங்கள், ராக்கெட்டுக்கும் செயற்கைக்கோளுக்கும் பாகங்கள் செய்யத் தொடங்கி எட்டு வருடம் ஆகிறது. பெரிய நிறுவனங்கள் வாங்கும் ஆர்டரிலிருந்து எங்களுக்கு ஜாப் ஒர்க்காக வருகிறது.

2022இல் ஐந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டுகளை முழுதாகச் செய்து கொடுக்கும் ஒப்பந்தம் எச்.ஏ.எல்., எல் அண்ட் டி கூட்டணிக்குப் போன பிறகு, தெரிந்த பட்டறைக்காரர்கள் பலர் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: “என்ன மெஷின் வாங்கணும்ங்க?” முதல் பாகத்துக்கு உங்களிடம் இருக்கும் நல்ல மெஷினே போதும். வாங்க வேண்டியது ஏதாவது இருந்தால் அது ஒரு ஏ.சி. அறையும், பூட்டுப் போட்ட ஒரு இரும்பு ரேக்கும். ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

சான்றிதழ் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். விமான, விண்வெளித் துறைக்கான தரச் சான்றிதழ் ஏ.எஸ்.9100 ஒருநாள் வேண்டியிருக்கும். ஆனால் அது இல்லாமல் முதல் படியே ஏற முடியாது என்று நினைத்து உட்கார்ந்துவிட வேண்டாம். பொதுவான தரச் சான்றிதழான ஐ.எஸ்.ஓ.9001 ஒழுங்காக நடக்கிற பட்டறைக்கு, ஆர்டர் தருபவர் தன் தரக் கண்காணிப்பின் கீழ் சின்ன பாகங்களைக் கொடுத்துப் பார்ப்பதுண்டு. எங்களுக்கு அப்படித்தான் தொடங்கியது.

டிராயிங் வந்ததும் படத்தைப் பார்க்காதீர்கள், ஓரத்தில் இருக்கும் குறிப்புகளைப் படியுங்கள். பம்பு வேலையில் நாம் அதை யாரும் படித்ததில்லை. இங்கே வேலையின் பாதி அங்கேதான் இருக்கிறது. மெட்டீரியல் என்ன, எந்த டெம்பர் (கடினப்படுத்திய நிலை), உருட்டிய திசை பாகத்தில் எந்தப் பக்கம் வர வேண்டும், விளிம்பை எவ்வளவு உடைக்கலாம், டிராயிங்கின் எந்த ரிவிஷன் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். குறிப்பாக, கொடுத்த அளவு ஹார்டு அனோடைசிங்குக்கு (அலுமினியத்தின் மேல் கடினமான ஆக்சைடு பூச்சு வளர்ப்பது) முன்னாலா பின்னாலா என்று கேட்டுவிடுங்கள். 50 மைக்ரான் பூச்சு என்றால் அதில் ஏறத்தாழ பாதி உலோகத்துக்கு வெளியே வளரும். ஒரு போரின் (உள்ளே கடைந்த துளையின்) இரண்டு பக்கமும் 25 மைக்ரான் வளர்ந்தால் விட்டத்தில் 0.05 மில்லி குறைந்துவிடும். பேரிங் உட்காராது. இதை போனில் கேட்டால் போதாது. எழுதிக் கேட்டு, எழுதி வரும் பதிலை அந்த ஆர்டரின் ஃபைலில் வையுங்கள்.

அடுத்தது மெட்டீரியல். இதில் கொஞ்சம் நின்று பேசுகிறேன், புதிதாக வருகிறவர்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான்.

ஒவ்வொரு பிளேட்டிலும் பாரிலும் ஹீட் நம்பர் இருக்கும். எந்த உருக்கில் பிறந்தது என்ற அடையாளம் அது. அதோடு வரும் டெஸ்ட் சர்டிஃபிகேட்டில் ரசாயனக் கலவையும் இழுவைப் பலமும் இருக்கும். பிளேட்டை அறுத்தால் அறுக்கும் முன்பே ஒவ்வொரு துண்டுக்கும் அந்த நம்பர் போக வேண்டும். பிறகு பஞ்ச் செய்யலாம் என்று விடக்கூடாது. இரண்டாவது ஆர்டரிலேயே நாங்கள் இதில் பாடம் படித்தோம். ராத்திரி ஷிஃப்டில் 2219 ரக அலுமினியப் பிளேட் ஒன்றை நம்பர் இருந்த பக்கத்திலிருந்து அறுத்துவிட்டார்கள். காலையில் நான் வந்தபோது ஏழு துண்டு நம்பரோடு இருந்தது, மீதிப் பிளேட் மொட்டையாக நின்றது. அதே பிளேட்தான் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். பட்டறையில் அன்றைக்கு வேறு அலுமினியமே இல்லை. ஆனாலும் அந்த மீதியை இந்த வேலைக்கு எடுக்கவில்லை. சிவப்புப் பெயின்ட் அடித்து ஜிக் (வேலையின்போது பாகத்தைப் பிடித்துக்கொள்ளும் சாதனம்) செய்ய ஒதுக்கிவிட்டோம். வீட்டுக்காரருக்கு வயிறு எரிந்தது. எனக்கும்தான்.

அவ்வளவு கறாராக இருக்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு சம்பவம் சொல்வேன். அமெரிக்காவில் 2009இலும் 2011இலும் டாரஸ் எக்ஸ்.எல். ராக்கெட்டில் போன இரண்டு நாசா செயற்கைக்கோள்கள் சுற்றுப்பாதையை அடையவே இல்லை. மேல்மூடி பிரிந்து விழவில்லை, அந்தப் பாரத்தோடு ராக்கெட்டால் ஏற முடியவில்லை. பல வருட விசாரணைக்குப் பிறகு 2019இல் நாசா காரணத்தைச் சொன்னது: மூடியைப் பிரிக்கும் இணைப்பில் இருந்த அலுமினியத்தின் டெஸ்ட் சர்டிஃபிகேட்டில் எண்களைத் திருத்தியிருந்தார்கள். ஒரு நாள் தவறு இல்லை அது, வருடக்கணக்காக நடந்த பழக்கம். நஷ்டம் 70 கோடி டாலருக்கு மேல். சர்டிஃபிகேட்டை நாம் திருத்த மாட்டோம், சரி. ஆனால் நம்பர் இல்லாத துண்டுக்கு ‘அதேதான்’ என்று நம்பர் போட்டால், நாமும் தெரியாத ஒன்றுக்குக் கையெழுத்துப் போடுகிறோம். பூட்டுப் போட்ட ரேக் இதற்குத்தான். சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். முடிந்தால் வந்த மெட்டீரியலில் ஒரு சின்னத் துண்டை என்.ஏ.பி.எல். (சோதனைக்கூடங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள லேபில் நீங்களே ஒருமுறை சோதித்துவிடுங்கள். மீதித் துண்டை ஃபைல் எண்ணோடு எடுத்து வையுங்கள்.

மெஷினில் ஏற்றும்போது அலுமினியமும் டைட்டானியமும் இரண்டு வேறு சுபாவம். செயற்கைக்கோள் பாகங்களில் எடையைக் குறைப்பதற்காகப் பெரிய கட்டியிலிருந்து முக்கால்வாசிக்கு மேல் சிப்பாகவே போய்விடும். சுவர் 1.5 மில்லி, 2 மில்லி என்று மெலிந்து நிற்கும். ஒரே மூச்சில் முடித்து வைஸைத் தளர்த்தினால் பாகம் கண் முன்னே வளையும். நாங்கள் செய்வது: எல்லாப் பக்கமும் 2 மில்லி விட்டு ரஃப் எடுப்போம், பாகத்தைப் பிடித்திருக்கும் ஃபிக்சரிலிருந்து முழுதாக அவிழ்த்து ஒரு நாள் அப்படியே வைப்போம். அப்புறம் தளத்தைச் சரிசெய்து, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி ஃபினிஷ் எடுப்போம். அந்த ஒரு நாள் காத்திருப்பை விலை போடும்போதே கணக்கில் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் டெலிவரி நெருக்கத்தில் அதைத்தான் முதலில் வெட்டுவீர்கள்.

டைட்டானியத்துக்குச் சூட்டைக் கடத்தும் குணம் மிகக் குறைவு. வெட்டும் சூடு சிப்போடு போகாமல் டூல் முனையிலேயே தங்கும். கார்பைடு டூலில் நிமிடத்துக்கு 50 மீட்டர் வேகத்தில் தொடங்குங்கள், ஃபீடை நிறுத்தித் தேய்க்க விடாதீர்கள், கூலன்ட் முனையில் விழட்டும். டூல் மழுங்கியது என்று சந்தேகம் வந்தாலே மாற்றிவிடுங்கள். கூலன்டில் குளோரின் கலந்த சேர்க்கை கூடாது. டைட்டானியத்தில் அது பிற்பாடு விரிசலுக்கு வழி செய்யும். இன்னொன்றை பையன்களுக்கு முதல் நாளே சொல்ல வேண்டும்: மெல்லிய டைட்டானியச் சிப் தீப்பிடிக்கும், பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் பட்டால் ஹைட்ரஜன் வந்து தீ பெரிதாகும். மெஷின் பக்கத்தில் காய்ந்த மணல் வாளி வையுங்கள், சிப்பைத் தினமும் அள்ளிவிடுங்கள்.

இப்போது ஏ.சி. அறை. டிராயிங்கில் இருக்கும் எல்லா அளவும் 20 டிகிரிக்கானது. சித்திரை மாதம் எங்கள் ஷெட்டுக்குள் 34 டிகிரி. 400 மில்லி விட்டமுள்ள அலுமினிய ரிங் அந்த 14 டிகிரியில் ஏறத்தாழ 0.13 மில்லி பெருத்திருக்கும். மைக்ரோமீட்டரும் அதே சூட்டில்தானே இருக்கிறது என்பார்கள். அது ஸ்டீல், அலுமினியத்தில் பாதிதான் பெருக்கும். ஆகவே 0.06 மில்லிக்கு மேல் பொய் சொல்லும். கேட்டிருக்கும் டாலரன்ஸே (அளவில் அனுமதிக்கும் வித்தியாசம்) 0.05 என்றால் அளந்ததற்கு அர்த்தமே இல்லை. பத்துக்குப் பத்து அறை போதும். பாகத்தையும் கேஜ்களையும் ராத்திரி முழுக்க உள்ளே வைத்து, காலையில் கையுறை போட்டு அளவெடுங்கள்.

அளவு தவறினால் என்ன செய்வது? இதைப் பட்டறை தொடங்கும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். 2006 ஜூலை 10ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இன்சாட்-4சி செயற்கைக்கோளோடு ஜி.எஸ்.எல்.வி. கிளம்பியது. நான்கு பக்கவாட்டு எஞ்சின்களில் ஒன்று கிளம்பிய உடனேயே உந்துவிசையை இழந்தது. ஒரு நிமிடம் கழிந்ததும் ராக்கெட் கட்டுப்பாடிழந்து உடைந்து வங்கக் கடலில் விழுந்தது. விசாரணையில், அந்த எஞ்சினுக்குள் எரிபொருள் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரில், செய்யும்போது தெரியாமல் நேர்ந்த ஒரு பிழை இருந்ததும், அது பரிசோதனைகளில் சிக்காமல் தப்பிப் போனதும் தெரிந்தது. அந்த ரெகுலேட்டரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். யாரோ ஒருவர் கையில் அது ஒரு சாயங்காலம் இருந்திருக்கும்.

எங்கள் பட்டறையில் ஒரு பையன், இருபத்திரண்டு வயது, முடிந்த பிராக்கெட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து நின்றான். “அக்கா, போர் கொஞ்சம் கூடிப்போச்சுங்க. நான்தான் ஆஃப்செட்டை மாத்திப் போட்டுட்டேன்.” ஆஃப்செட் என்றால் மெஷினில் டூலுக்குக் கொடுக்கும் அளவுத் திருத்தம். போர் 0.03 மில்லி கூடியிருந்தது. எடுத்த வேலைக்கு மூன்று நாள் உழைப்பு. நான் அவனைத் திட்டவில்லை, யாரையும் திட்ட விடவும் இல்லை. அவன் சொல்லாமல் விட்டிருந்தால் அந்த ஓட்டையில் நான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்திருக்கும், கண்டுபிடிக்காமலும் போயிருக்கலாம். அன்றைக்கே தவறை எழுதி, உண்மையான அளவோடும் காரணத்தோடும் ஆர்டர் கொடுத்தவர்களுக்கு அனுப்பினேன். டிசைன் பக்கம் கணக்குப் போட்டுப் பார்த்து ஏற்க முடியாது என்றார்கள். வேறு செய்து கொடுத்தோம். அடுத்த ஆர்டரும் வந்தது. தவறை மறைக்க ஸ்லீவ் அடிப்பது, வெல்டு வைத்து மறுபடி கடைவது எல்லாம் பம்பில் நாம் செய்த வழக்கம். இங்கே அனுமதி கேட்காமல் ஒரு கீறலைக் கூட எமரி போட்டு எடுக்கக்கூடாது.

பர் (வெட்டிய விளிம்பில் ஒட்டி நிற்கும் உலோகப் பிசிறு) எடுப்பதைக் கடைசி வேலை என்று புதுப் பையனிடம் தள்ளிவிடாதீர்கள். குறுக்கே சந்திக்கும் இரண்டு துளைகளின் உள் விளிம்பில் ஒட்டியிருக்கும் பர், ஏவும்போது அதிரும் அதிர்வில் கழன்றுவிடும். எடையில்லாத இடத்தில் அது கீழே விழுந்து ஓரமாகக் கிடக்காது, மிதந்து போய் வால்வின் இருக்கையிலோ மின்சார முனைகளுக்கு நடுவிலோ உட்காரும். உள்ளே பஞ்சுக் குச்சியை விட்டு இழுத்துப் பாருங்கள். நூல் சிக்கினால் பர் இருக்கிறது. பிறகு பஞ்சின் இழை ஒன்றுகூட இல்லாமல் கழுவி, பெரிதாக்கும் கண்ணாடியில் பாருங்கள். பாகம் திரவ ஆக்சிஜன் போகும் வழிக்கானது என்றால் எண்ணெய்ப் பிசுக்கு துளியும் கூடாது. திரவ ஆக்சிஜனோடு எண்ணெய் சேர்ந்தால் ஒரு சின்ன அடியிலேயே தீப்பிடிக்கும். கடைசிக் கழுவலுக்குப் பிறகு வெறும் விரல் படக்கூடாது, தலைக்கு எண்ணெய் வைத்த கையென்றால் கிட்டேயே வரக்கூடாது.

பேக்கிங்கில் ஒவ்வொரு பாகமும் தனிப் பையில், அதற்கு வெளியே இன்னொரு பை. ஒன்றோடு ஒன்று உரசக்கூடாது. செய்தித்தாளில் சுற்றக் கூடாது, மை ஒட்டும். ஹீட் நம்பர், ரூட் கார்டு (பாகம் கடந்து வந்த ஒவ்வொரு வேலையையும் குறிக்கும் அட்டை), அளவு அறிக்கை, டெஸ்ட் சர்டிஃபிகேட் நகல் எல்லாம் பெட்டியோடு போகட்டும். ஒரு செட் உங்கள் ரேக்கில் இருக்கட்டும்.

பெட்டி போய்ச் சேர்ந்ததும் அங்கே அளவெடுப்பவரைக் கூப்பிட்டு, அவருக்கு என்ன அளவு வந்தது என்று கேட்டு உங்கள் அளவுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். முதல் பெட்டியில் எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரு போரில் 12 மைக்ரான் வித்தியாசம் வந்தது. பாகம் டாலரன்ஸுக்குள்தான் இருந்தது, அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. போர் அளக்கும் கருவியைச் சரிபார்க்க வைத்திருந்த எங்கள் ரிங் கேஜ் தேய்ந்திருந்ததை அப்படித்தான் கண்டுபிடித்தோம்.