கால்கட்டுப் போட்டால் சரியாகுமா? மனப்பிறழ்வின் முதல் மாதங்களில் நடக்கும் தவறுகள்

பத்தொன்பது வயதுப் பையன் இரவெல்லாம் விழித்திருக்கிறான். கடலுக்குப் போய் வருகிறவன்தானே, பகலில் தூங்கிக்கொள்வான் என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். அடுத்து, தங்கை ஒரு வாய் தின்று காட்டினால்தான் சோற்றைத் தொடுகிறான். படகு வயர்லெஸ்ஸில் பேசுவதெல்லாம் தன்னைப் பற்றித்தான் என்கிறான். ஆளில்லாத பக்கம் திரும்பிப் பதில் சொல்லும்போதுதான் வீடு பதறுகிறது. அதற்குள் நாலைந்து மாதம் போயிருக்கும். இல்லாத குரல் கேட்பதும் இல்லாததை உறுதியாக நம்புவதுமான இந்த நிலைதான் மனப்பிறழ்வு (சைக்கோசிஸ்).

இந்த நாள் கணக்கைத் தவறவிடுவதுதான் முதல் பிழை. “எப்ப இருந்து?” என்று டாக்டர் கேட்டால் “கொஞ்ச நாளா” என்பது பதிலாகாது. தேதி நினைவில்லையா? மீன்பிடித் தடைக்காலத்துக்குப் படகைக் கட்டிய ஏப்ரல் 15-இல் எப்படி இருந்தான், மறுபடி கடலுக்குப் போன ஜூனில் எப்படி இருந்தான், தர்காவின் சந்தனக்கூடு விழாவுக்கு வந்தவர்களோடு பேசினானா என்று பின்னோக்கிப் போனால் மாதம் பிடிபடும். அறிகுறி தொடங்கி மூன்று மாதத்துக்குள் சிகிச்சை என்பதே உலக அளவில் வைத்திருக்கும் இலக்கு.

தாமதம் ஏன் கெடுதல்? மனப்பிறழ்வில் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளின் ஓட்டம் தாறுமாறாகிறது. தூரத்துப் படகின் விளக்கு மினுக்குவதுகூடத் தனக்கான சைகையாகப் படுகிறது. சிகிச்சை இல்லாமல் எவ்வளவு காலம் போகிறதோ, அவ்வளவுக்கு மருந்துக்குப் பலன் குறைவாகவும் மெதுவாகவும் தெரிகிறது. பேச்சும் முனைப்பும் வற்றிப்போன நிலை மிஞ்சுகிறது. இது பல ஆய்வுகளில் தெளிவாகத் தெரிந்த ஒன்று. மூளையே சுருங்குகிறதா என்பதில் ஸ்கேன் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் சாம்பல்நிறப் பகுதி குறைந்திருந்தது, சிலவற்றில் இல்லை. அதனால் “மூளை கரைஞ்சிடும்” என்று வீட்டாரைப் பயமுறுத்துவதும் தவறு. இரண்டு வருடம் கழித்து வந்தவருக்கும் மருந்து கேட்கும்.

கால்கட்டுப் போட்டால் திருந்துவான் என்பது வேறொரு பெண்ணையும் சேர்த்துச் சிக்கலில் மாட்டும் வேலை. காத்துக்கருப்பு என்று ஏர்வாடி தர்காவுக்கு அழைத்துப் போகிறவர்களிடம் சண்டை போட வேண்டியதில்லை; துஆவும் (பிரார்த்தனையும்) மாத்திரையும் ஒன்றாகவே நடக்கலாம். மாத்திரையைத் தள்ளிப்போடுவதும் கட்டிவைப்பதும்தான் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகத்தில் பிடித்த தீயில், சங்கிலியில் கிடந்தவர்கள் தப்ப வழியின்றி 28 பேர் இறந்தார்கள். மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் தடை செய்கிறது.

காய்ச்சல், வலிப்பு, ஒரே நாளில் வந்த குழப்பம், பிரசவமான சில நாட்களில் வந்த தடுமாற்றம் இருந்தால் வேறெங்கும் நிற்காமல் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கே போக வேண்டும். மூளைத் தொற்றும் இப்படித் தொடங்கலாம்.

மருந்து தொடங்கிய பிறகு நடக்கும் தவறுகள் தனி ரகம். ரிஸ்பெரிடோன் என்ற மருந்தை 1 அல்லது 2 மில்லிகிராமில் தொடங்குவார்கள். தூக்கமும் ஆவேசமும் முதல் வாரத்தில் அடங்கும்; காதில் கேட்கும் குரல் தேய நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். பத்தாம் நாளே “மருந்து கேக்கலை” என்று நிறுத்துகிறவர்கள் ஏராளம். முதல் சில நாளில் கழுத்து ஒரு பக்கம் இழுத்து, கண் மேலே செருகிக்கொள்ளலாம். பேய் கழுத்தைத் திருகுகிறது என்று மந்திரிக்க ஓடுவார்கள். அது மருந்தின் பக்கவிளைவு; ஓர் ஊசியில் பெரும்பாலும் அரை மணி நேரத்தில் இறங்கிவிடும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான்.

குணமானதும் தானாக நிறுத்தக் கூடாது. குறைந்தது ஒன்றிரண்டு வருடமாவது தொடரச் சொல்வார்கள். கடலுக்குப் போகிறவர் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். வலை இழுக்கும் நேரத்தில் தூக்கம் தள்ளினால் ஆபத்து. மாத்திரை நேரத்தை மாற்றலாம், மாதமொரு முறை போடும் ஊசியும் உண்டு. குளோர்ப்ரோமசின் என்ற மருந்து எடுப்பவருக்கு வெயில் தோலைச் சுட்டுவிடும். உப்பளத்திலோ படகிலோ முழுக்கைச் சட்டை வேண்டும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண் 14416-ஐ அழைக்கலாம்; எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.