குதிரை வேலியில் சிக்கனம் பார்க்கக் கூடாத இடங்கள்

குதிரை மிரளும் பிராணி. மிரண்டுவிட்டால் எதிரே என்ன இருக்கிறது என்று பார்த்து ஓடாது. மரக்கழி, மூங்கில், செடி ஆகியவற்றைக் கொண்டே குறைந்த செலவில் நல்ல வேலி போடலாம். ஆனால் ஆடு மாடுகளுக்குப் போடுவது போலவே போட்டால், கால் உடைவது குதிரைக்குத்தான்.

குறுக்குக் கழிகளை வெளிப்பக்கம் அடிப்பவர்கள் நிறையப் பேர். அப்பால் இருக்கும் புல்லுக்காகக் குதிரை கழுத்தை நீட்டும், உடம்பைத் தேய்க்கும். 400, 500 கிலோ எடை சாய்ந்தால் ஆணி கழன்று வராமல் என்ன செய்யும்? உட்பக்கம் அடித்தால் அதே எடை கழியைக் கம்பத்தோடு சேர்த்து அழுத்தும்.

சாய்ந்த பழைய கம்பம் ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். மேலே கெட்டியாக இருக்கும். மண்மட்டத்தை ஒட்டிய ஒரு சாண் மட்டும் விரல் நுழையும் அளவுக்கு இற்றிருக்கும். ஈரமும் காற்றும் சேரும் இடம் அது. வைரம் பாய்ந்த மரமாகத் தேர்ந்து, பட்டையை உரித்து, குழியின் அடியில் சரளை போட்டு, நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு புதையும்படி நடுங்கள். கழிவு எண்ணெய் மட்டும் பூசாதீர்கள். குதிரை மரத்தைக் கடிக்கும். எண்ணெய் வயிற்றுக்குள் போகும்.

மூங்கிலைக் கம்பமாக நட்டால் ஓரிரு ஆண்டுகளில் உளுத்துவிடும். குறுக்குக் கழியாக வையுங்கள், பிளக்காமல் முழுதாக. பிளந்த மூங்கிலின் விளிம்பு கத்திக்குச் சமம்.

உயிர்வேலியில் நடக்கும் தவறுதான் எனக்கு மிகவும் வேதனை தருவது. ஆடு மாடு தொடாது, தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று அரளியை நட்டுவிடுகிறார்கள். அதன் இலை ஒரு கைப்பிடிக்கும் குறைவாக உள்ளே போனாலே குதிரை செத்துவிடலாம். காய்ந்து உதிர்ந்த இலையிலும் நஞ்சு அப்படியே இருக்கும். வைக்கோலோடு கலந்துவிட்டால் குதிரைக்கு அடையாளம் தெரியாது. நல்ல செடியே நட்டாலும், அடர்ந்து வளரச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை கழுத்து எட்டாத தூரத்தில் உட்புறம் ஒரு கழிவேலி தேவை.

உயரம் 4½ முதல் 5 அடி. மூலைகளைக் கூராக விடாமல் வளைத்துவிடுங்கள். மற்றக் குதிரைகள் விரட்டும்போது பயந்த குதிரை அங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

வேலை முடிந்ததும் உள்ளங்கையில் பழைய துணியைச் சுற்றிக்கொண்டு, உட்பக்கம் கழிகளைத் தடவியபடி ஒரு சுற்று நடங்கள். துணி மாட்டும் இடத்தில் தோலும் கிழியும். அங்கே ஆணியை மடக்கி, சிராயைச் சீவிவிட்டுப் பிறகு குதிரையை அவிழ்த்துவிடுங்கள்.