நோயாளியிடம் பேசக் கற்பிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2019ஆம் ஆண்டு எம்.பி.பி.எஸ். சேர்ந்த மாணவர்கள் தொடங்கி, இந்திய மருத்துவக் கல்லூரிகளில் மனப்பான்மை, அறநெறி, உரையாடல் திறன் ஆகியவற்றுக்கான ‘ஏட்காம்’ பாடம் கட்டாயமாக்கப்பட்டது. நோயாளியிடம் பேசும் முறையை மூத்தவர்களைப் பார்த்துத் தானாகவே கற்றுக்கொள்வார்கள் என்று நெடுங்காலம் விட்டுவைத்திருந்த துறையில் இது பெரிய மாற்றம். அந்தப் பாடம் பதிவேட்டில் வாங்கும் கையெழுத்தாகச் சுருங்கிவிடாமல் இருக்க, கற்பிப்போர் சில தவறுகளைத் தவிர்த்தாக வேண்டும்.

முதல் தவறு, பேசும் திறனைச் சொற்பொழிவாக நடத்துவது. அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கெல் என்ற இருவர் 74 மருத்துவச் சந்திப்புகளை ஆராய்ந்து 1984இல் வெளியிட்ட கட்டுரையின்படி, நோயாளி தன் குறையைச் சொல்லத் தொடங்கிய சராசரியாக 18ஆவது விநாடியில் மருத்துவர் குறுக்கிட்டுவிடுகிறார். இந்த எண்ணை வகுப்பில் குறித்துக்கொண்ட மாணவரும் மறுநாள் வார்டில் குறுக்கிடத்தான் செய்வார். ஏனெனில் தையல் போடுவதைப் போலவே பொறுமையாகக் கேட்பதும் செய்து பழகினால்தான் கைவரும். நரம்பியல் மருத்துவர் ஹோவர்ட் பாரோஸ் 1963இல் கலிஃபோர்னியாவில், நோயாளியைப் போல நடிக்கும் ‘மாதிரி நோயாளி’களைப் பயிற்றுவித்து மாணவர் முன் அமர்த்தியது இதற்காகவே. நடிகர்களை அமர்த்தப் பணமில்லாத கல்லூரியில், சக மாணவரோ அலுவலகப் பணியாளரோ அந்த இடத்தில் அமர்ந்தாலும் போதும். ஆசிரியர் ஒருவர் அருகில் இருந்து கவனிப்பதுதான் முக்கியம்.

அடுத்த தவறு தமிழ்நாட்டில் மிகுதியாக நிகழ்வது. இதைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் கருத்து. ஆங்கிலத்தில் கற்பித்து, ஆங்கிலத்தில் நடித்துக் காட்டி, ஆங்கிலத்தில் மதிப்பெண் இட்டுவிட்டு, தமிழ் பேசும் நோயாளியிடம் மாணவரை அனுப்புகிறோம். ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல்தான். தமிழிலோ ‘நீ’ என்பதற்கும் ‘நீங்க’ என்பதற்கும் இடையே ஒரு மனிதரின் மதிப்பே அடங்கியிருக்கிறது. இருபத்திரண்டு வயதுப் பயிற்சி மருத்துவர் அறுபது வயதுப் பெண்ணை ‘வா, உட்காரு, எங்க வலிக்குது’ என்று கேட்கும்போது, ஆங்கிலப் பயிற்சியில் முழு மதிப்பெண் பெற்ற அதே மாணவர்தான் பேசுகிறார். நோயாளி சொல்வதைப் புரிந்துகொள்வதிலும் இதே சிக்கல் இருக்கிறது. ‘மயக்கமா வருது’ என்ற சொல் தலைசுற்றலையும் குறிக்கலாம், நினைவு தப்புவதையும் குறிக்கலாம், வெறும் சோர்வையும் குறிக்கலாம். ‘சுத்துற மாதிரி இருக்கா, கண்ணு இருட்டிக்கிட்டு வருதா?’ என்று அடுத்துக் கேட்கத் தெரியாதவர் நோயறிதலிலேயே தவறிவிடுவார். ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் ‘சரிங்க டாக்டர்’ என்ற விடைதான் வரும், மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன் போடுவதா பின் போடுவதா என்று தெரியாவிட்டாலும். ‘வீட்டுல பொண்ணு கேட்டா, இந்த மாத்திரையை எப்படிப் போடணும்னு சொல்வீங்க?’ என்று கேட்டு, அவர் வாயாலேயே சொல்ல வைப்பதைத் தமிழிலேயே பழக்க வேண்டும்.

துயரச் செய்தியைச் சொல்லும் பயிற்சியில், 2000ஆம் ஆண்டு வெளியான ‘ஸ்பைக்ஸ்’ முறையின் ஆறு படிகளை மந்திரம் போல் மனப்பாடம் செய்விப்பது இன்னொரு தவறு. அதன் மூன்றாம் படி, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பதை நோயாளியிடமே கேட்கச் சொல்கிறது. நம் மருத்துவமனைகளிலோ அதற்கு முன்பே மகன் மருத்துவரை வெளியே அழைத்து, ‘அப்பாகிட்ட கேன்சர்னு சொல்லிடாதீங்க’ என்று கெஞ்சுகிறார். பயிற்சியில் அந்த மகனுக்கும் ஓர் இருக்கை இருக்க வேண்டும். அவருடைய அச்சத்தைக் கேட்டுக்கொண்டு, நோயாளியின் உரிமையையும் விட்டுக்கொடுக்காமல் எப்படிப் பேசுவது என்பதுதான் இங்கே கடினமான பாடம்.

பின்னூட்டம் தரும் முறையிலும் கவனம் தேவை. ‘உனக்குப் பரிவே இல்லை’ என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னால் மாணவர் கற்றுக்கொள்வது அவமானத்தை மட்டுமே. ‘அவர் கணவர் இறந்ததைச் சொன்னபோது நீங்கள் கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டிருந்தீர்கள்’ என்று கண்டதைச் சொன்னால் அவரால் திருத்திக்கொள்ள முடியும். என்ன நன்றாக அமைந்தது, எதை மாற்றியிருப்பார் என்று முதலில் மாணவரையே சொல்ல விட வேண்டும். பிறகு அதே உரையாடலை உடனே மறுமுறை நடத்த வாய்ப்பளிக்க வேண்டும். இந்த மறுமுறைதான் நேரமில்லை என்ற காரணத்தால் பெரும்பாலும் விடுபடுகிறது.

செவிலியரை இப்பயிற்சிக்கு அழைக்காமல் விடுவதும் தவறே. நோயாளியுடன் மிக அதிக நேரம் இருப்பவர் அவர். மருத்துவரின் சொல் நோயாளிக்குப் புரியாமல் போனதை முதலில் அறிபவரும் அவரே.

எல்லாவற்றையும் வகுப்பில் சரியாகச் செய்துவிட்டு, வார்டு ரவுண்ட்ஸில் கெடுத்துவிடுவதுதான் மிகப் பெரிய தவறு. பிலடெல்பியாவின் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரி மாணவர்களிடம் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கும் மூன்றாம் ஆண்டில்தான் பரிவு குறைவது தெரியவந்தது. பேராசிரியர் ‘மூணாம் பெட் லிவர் கேஸ்’ என்று சொல்லிக் கடந்தால் மாணவரும் அப்படியே சொல்வார். ஆகவே பயிற்சியைத் திட்டமிடுவோர் துறைத் தலைவர்களையும் ஒரு நாள் உட்கார வைத்து, ரவுண்ட்ஸில் நோயாளியைப் பெயர் சொல்லி விளிப்பது, போர்வையை விலக்குமுன் அனுமதி கேட்பது, அவர் காதுபட ஆங்கிலத்தில் விவாதித்ததை நகருமுன் இரண்டு வரித் தமிழில் அவருக்குச் சொல்வது என்ற மூன்றுக்கு மட்டுமாவது அவர்களின் ஒப்புதலைப் பெற வேண்டும்.