பிசிபியில் மவுண்டிங் ஹோல்: துளைக்கு இடம் விட்டு, ஸ்க்ரூவை மறந்துவிடும் தவறுகள்

சர்க்யூட் வரைந்தாயிற்று, காம்பொனென்ட்களை அடுக்கியாயிற்று, டிராக் (செம்புக் கோடு) எல்லாம் ஓட்டியாயிற்று. கடைசியாக நாலு மூலையிலும் மிச்சமிருக்கும் இடத்தில் நாலு துளை. பெரும்பாலான பிசிபிகளில், அதாவது சர்க்யூட் போர்டுகளில், போர்டைப் பெட்டியோடு ஸ்க்ரூ போட்டு இறுக்கும் மவுண்டிங் ஹோல் இப்படித்தான் வந்து சேர்கிறது. திரையில் அது வெறும் 3.2 மி.மீ. வட்டம். அசெம்பிளி மேஜையில் அதே இடத்தில் வந்து உட்காருவது ஓர் இரும்புத் தலை, அதன் கீழே வாஷர், போர்டுக்கு அடியில் அதைத் தூக்கி நிறுத்தும் ஆறு மூலை ஸ்பேசர், ஸ்க்ரூவைத் திருக மேலிருந்து இறங்கும் ஸ்க்ரூ டிரைவர். இவை எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் இடம் விட வேண்டும்.

மவுண்டிங் ஹோல் சரியாக அமையாததைப் பிரபலமான போர்டுகளிலேயே பார்க்கலாம். 2012-இல் வந்த முதல் ராஸ்பெர்ரி பை போர்டில் மவுண்டிங் ஹோலே கிடையாது. அடுத்த திருத்தத்தில் இரண்டு துளை வந்தது. 2014-இல் வந்த பி பிளஸ் மாடலில்தான் 58 × 49 மி.மீ. செவ்வகத்தில் ஒழுங்காக நாலு துளை கிடைத்தது. ஆர்டுயினோ ஊனோவில் எஸ்சிஎல் பின்னுக்குப் பக்கத்தில் உள்ள துளையில் சாதாரண எம்3 (3 மி.மீ. விட்டமுள்ள) ஸ்க்ரூவைப் போட்டுப் பாருங்கள், தலை போய் ஹெடரில் (பின்களின் வரிசையில்) இடிக்கும். அங்கே ஸ்க்ரூவே போடாமல் மற்ற துளைகளில் மட்டும் போட்டு விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

எம்3-க்கு உண்மையில் எவ்வளவு இடம்?

நம்மூரில் அதிகம் புழங்குவது எம்3தான். சென்னை ரிச்சி தெருவில் ஸ்பேசர் என்று கேட்டாலே பித்தளை எம்3-ஐத்தான் எடுத்து வைப்பார்கள். அதனால் அதையே கணக்குப் போடுவோம்.

எம்3 ஸ்க்ரூவுக்கான துளை ஐஎஸ்ஓ 273 தரத்தின்படி நெருக்கமாக வேண்டுமென்றால் 3.2 மி.மீ., நடுத்தரம் 3.4, தளர்வு 3.6. எல்லோரும் 3.2-ஐ எடுத்துக்கொள்கிறார்கள். துல்லியமாக வெட்டிய பெட்டிக்கு அது சரி. 3டி பிரிண்டரில் அச்சடித்த பெட்டிக்கோ, கையால் துளையிட்ட தகட்டுக்கோ 3.4-தான் நல்லது. நாலு துளையும் இறுக்கமாக இருந்து, பெட்டியில் ஏதாவது ஒரு தூண் அரை மி.மீ. விலகியிருந்தால், நாலாவது ஸ்க்ரூ இறங்கவே இறங்காது. யாராவது வலுக்கட்டாயமாக இறக்குவார்கள், போர்டு வளைந்தபடியே பெட்டிக்குள் காலம் தள்ளும். இடம் மாறாமல் நிற்க வேண்டிய போர்டு என்றால் ஒரு துளையை மட்டும் இறுக்கமாக வைத்து, எதிர்மூலைத் துளையை நீள்வட்டமாக்கி, மற்ற இரண்டையும் தளர விடலாம்.

இப்போது தலைக்கு வருவோம். எம்3 பான் ஹெட் தலையின் விட்டம் 5.6 முதல் 6 மி.மீ. வரை. சாதாரண வாஷர் 7 மி.மீ. ஸ்பேசர் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே 5.5 மி.மீ. என்றால் மூலைக்கு மூலை கிட்டத்தட்ட 6.35. ஆக 7 மி.மீ. வட்டம் போதுமா? போதாது. 3.4 துளைக்குள் 3 மி.மீ. ஸ்க்ரூ எந்தப் பக்கமும் 0.2 மி.மீ. நகரும். 3.2 மி.மீ. உள்விட்டமுள்ள வாஷர் அந்த ஸ்க்ரூவைச் சுற்றி இன்னொரு 0.1 நகரும். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் வாஷரின் விளிம்பு துளையின் நடுவிலிருந்து 3.8 மி.மீ. தூரம் வரை போகும். அதாவது 7.6 மி.மீ. விட்டமுள்ள வட்டத்துக்குள் எந்த இடத்திலும் உலோகம் படலாம். காம்பொனென்டும் டிராக்கும் இல்லாத இடமாக நான் வைப்பது குறைந்தபட்சம் 8 மி.மீ., மேல்பக்கம் அடிப்பக்கம் இரண்டிலும்.

மென்பொருளின் லைப்ரரியில் இருப்பதை அப்படியே நம்ப வேண்டாம் என்பதற்கும் இதுதான் காரணம். பிசிபி வரையும் மென்பொருளான கீகேடில், பேடோடு (துளையைச் சுற்றிய செம்பு வளையம்) வரும் எம்3 ஃபுட்பிரிண்டின் (ஆயத்த வரைபடத்தின்) பேட் 6.4 மி.மீ. ஸ்க்ரூ தலைக்கு அது போதும். வாஷர் போட்டால் பேடைத் தாண்டிச் சுற்றிலும் 0.3 மி.மீ. சால்டர் மாஸ்க் எனப்படும் பச்சைப் பூச்சின் மேல் உட்காரும்.

பச்சைப் பூச்சு காப்பு ஆகாது

இந்தத் தலைப்பில் நடக்கும் தவறுகளில் அதிக போர்டுகளைப் பலி வாங்குவது இதுதான் என்பது என் எண்ணம். ஸ்க்ரூ தலைக்கு அடியில் ஒரு டிராக் போகிறது, மேலேதான் மாஸ்க் பூச்சு இருக்கிறதே என்ற தைரியம். அந்தப் பூச்சின் தடிமன் இருபது மைக்ரான் சொச்சம். டிராக்கின் விளிம்பில் அதைவிடவும் குறைவு. சால்டர் வேண்டாத இடத்தில் ஒட்டாமல் தடுப்பதுதான் அதன் வேலை. ஸ்க்ரூ தலை அதன்மேல் அழுந்தித் திரும்பும்போது அது சுரண்டப்படும், பல் வைத்த வாஷர் என்றால் ஒரே சுற்றில் கிழியும்.

இதில் தொல்லை என்னவென்றால் மேஜைமேல் வைத்துச் சோதிக்கும்போது எல்லாம் சரியாக ஓடும். பெட்டிக்குள் இறுக்கிய பிறகுதான் ஷார்ட் ஆகும். சில போர்டுகளில் மாதக்கணக்கில் அதிர்ந்து தேய்ந்த பிறகு ஆகும். கழற்றி மேஜையில் வைத்தால் மறுபடி ஓடும்!

மென்பொருளின் விதிச் சோதனையான டிஆர்சி ஏன் பிடிக்கவில்லை என்று கேட்கலாம். டிஆர்சிக்குத் தெரிந்தது துளையின் விளிம்பு மட்டும்தான். துளையிலிருந்து 0.25 மி.மீ. தள்ளி டிராக் போனால் அதற்குத் திருப்தி. அங்கே வாஷர் வரப்போகிறது என்று நாம்தான் சொல்ல வேண்டும். துளையைச் சுற்றி இரண்டு வெளி லேயரிலும் கீப்அவுட் (செம்பு வரக்கூடாத) வட்டம் வரைந்து, அதை ஃபுட்பிரிண்டுக்குள்ளேயே சேர்த்து வைத்துக்கொண்டால் அடுத்த போர்டிலும் மறக்காது. உள் லேயர்களில் தலை அழுந்தாது என்பதால், குறைந்த வோல்ட்டேஜ் போர்டில் அங்கே துளை விளிம்பிலிருந்து அரை மி.மீ. விட்டால் போதும். ட்ரில் சற்று விலகி பவர் பிளேனைத் தொட்டுவிடாமல் இருக்கத்தான் அந்த அரை மி.மீ.

பிளேட்டிங் வேண்டுமா, வேண்டாமா?

துளையைப் போர்டின் கிரவுண்டோடு இணைக்கும் தேவை இல்லையென்றால் பிளேட்டிங் (துளையின் உட்சுவரில் செம்புப் பூச்சு) வேண்டாம். பிளேட் செய்த துளை, உருகிய ஈய அலைமேல் போர்டை ஓட்டும் வேவ் சால்டரிங்கில் ஈயத்தால் அடைத்துக்கொள்ளும், பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாக உறிஞ்சி எடுக்க வேண்டும். கிரவுண்டு இணைப்பு வேண்டும், துளையும் அடையக்கூடாது என்றால், நடுத்துளையை பிளேட்டிங் இல்லாமல் விட்டு, சுற்றியுள்ள பேடில் எட்டு சிறிய வயா (லேயர்களை இணைக்கும் துளை) போடுவது வழக்கம். சால்டர் பேஸ்ட் பூசும் இடங்களைக் காட்டும் பேஸ்ட் லேயரில் பேடைச் சேர்த்துவிடாதீர்கள். ஸ்டென்சில் அங்கேயும் பேஸ்ட் பூசும், உருகி மேடாகும், ஸ்க்ரூ தலை சாய்ந்து உட்காரும்.

கீகேட் பிளேட் செய்த துளைக்கும் செய்யாததற்கும் தனித்தனி ட்ரில் ஃபைல் தர வல்லது. இரண்டாவதை அனுப்ப மறந்தால் துளையே இல்லாத அழகான போர்டு வந்து சேரும். துளையை எழுத்து அச்சடிக்கும் சில்க் ஸ்கிரீன் லேயரில் வட்டமாக வரைந்துவிட்டு அதுவே போதும் என்று நினைத்தாலும் அதே கதிதான்.

230 வோல்ட் வரும் போர்டில்

இங்கே தவறினால் உயிருக்கே ஆபத்து. பம்பு மோட்டாரை ஓட்டும் ரிலே போர்டை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் 230 வோல்ட் டிராக், மறுபக்கம் 5 வோல்ட் கன்ட்ரோலர், ஓரத்தில் ஸ்க்ரூ.

இரண்டு தூரங்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். காற்று வழியே நேராகப் போகும் தூரம் கிளியரன்ஸ். போர்டின் மேற்பரப்பை ஒட்டி ஊர்ந்து போகும் தூரம் கிரீப்பேஜ். முன்னது காகம் பறக்கும் வழி என்றால் பின்னது எறும்பு ஊரும் வழி. தட்டையான போர்டில் இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும், ஆனால் தூசியும் ஈரமும் படிவது மேற்பரப்பில் என்பதால் கிரீப்பேஜுக்குக் கேட்கும் அளவு அதிகம்.

மின்னணுச் சாதனங்களின் பாதுகாப்புக்கான ஐஇசி 62368-1 தரத்தில், சாதாரண எஃப்ஆர்-4 (கண்ணாடி இழை) போர்டு, வீட்டுக்குள் இருக்கும் அளவு தூசி, 250 வோல்ட் என்று எடுத்தால், அடிப்படைக் காப்புக்கு 2.5 மி.மீ. கிரீப்பேஜ், வலுவூட்டிய காப்புக்கு 5 மி.மீ. எது நமக்கு? ஸ்க்ரூ போய்ச் சேர்வது நன்றாக எர்த் செய்த உலோகப் பெட்டி என்றால் அடிப்படைக் காப்பு. எர்த் இல்லாத பெட்டியில் ஸ்க்ரூ தலை வெளியே தெரிந்து, யாராவது விரலால் தொட முடியும் என்றால் 5 மி.மீ. இந்தத் தூரத்தைத் துளையிலிருந்து அளக்கக்கூடாது, மேலே கணக்கிட்ட 3.8-இலிருந்து அளக்க வேண்டும். ஆகவே துளையின் நடுவிலிருந்து லைன் (230 வோல்ட்) டிராக் முதல் வகையில் 6.3 மி.மீ., இரண்டாவதில் 8.8 மி.மீ. தள்ளி நிற்க வேண்டும். மலிவு விலை ரிலே மாட்யூல்களைத் திருப்பிப் பார்த்து ஸ்கேல் வைத்து அளந்தால் இதில் பாதிகூடத் தேறாதவை உண்டு.

ஸ்க்ரூ எதனோடும் இணையவில்லை, பிளாஸ்டிக் தூணில்தான் இறங்குகிறது என்றால் கவலை இல்லையா? இருக்கிறது. லைன் பக்கத்துக்கும் 5 வோல்ட் பக்கத்துக்கும் நடுவில் அந்த ஸ்க்ரூ நின்றால், அதன் தலை அகலம் முழுவதும் உலோகம், கணக்கில் அது பூஜ்யம். லைனிலிருந்து தலை வரை, தலையிலிருந்து அந்தப் பக்கம் வரை, இரண்டையும் கூட்டினால் 5 மி.மீ. வர வேண்டும். இந்த இரண்டு பக்கங்களையும் பிரிக்கும் தடுப்புக் கோட்டின்மேல் துளையே வைக்காமல் இருப்பது இதைவிட எளிது.

இடம் போதாதபோது போர்டில் பிளவு வெட்டுவார்கள். வெட்டலாம், ஆனால் 1 மி.மீ.-க்குக் குறைவான பிளவு பொதுவாகக் கணக்கில் சேராது. நூற்பாலை போலப் பஞ்சுத் தூசியும் ஈரப்பதமும் உள்ள இடத்துக்குப் போகும் போர்டு என்றால் மேலே சொன்ன 2.5 மி.மீ. என்பது 4 மி.மீ. ஆகிவிடும். கடல் மட்டத்திலிருந்து 2000 மீட்டருக்கு மேல் காற்று மெலிந்துவிடுவதால் கிளியரன்ஸையும் கூட்ட வேண்டும். லடாக்கை விடுங்கள், ஊட்டியே 2240 மீட்டரில் இருக்கிறது.

நைலான் ஸ்க்ரூ போட்டால் தீர்ந்ததே என்பவர்களுக்கு: மின்சாரக் கணக்கில் தீர்ந்தது. ஆனால் கொஞ்சம் கூடுதலாக இறுக்கினால் அது ஒடியும், சூட்டிலும் அதிர்விலும் தளரும். சர்வீஸுக்கு வரும் எலக்ட்ரீஷியன் தொலைந்த நைலானுக்குப் பதில் கையிலிருக்கும் இரும்பு ஸ்க்ரூவைத்தான் போடுவார். இரும்பு வந்தாலும் பாதுகாப்பாக இருக்கும்படி தூரம் விடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

வளைவு

ஸ்க்ரூவை இறுக்கும்போது போர்டு அந்த இடத்தில் கொஞ்சமாவது வளையும். எம்எல்சிசி எனப்படும் செராமிக் கெப்பாசிட்டர் வளையாது, விரிசல் விடும். விரிசல் கண்ணுக்குத் தெரியாது, பெரும்பாலும் ஷார்ட்டாகத்தான் முடியும். பேட்டரி லைனில் இருந்தால் புகைதான். 1206, 1210 போன்ற பெரிய சைஸ்களைத் துளையிலிருந்தும் வி-கட் (போர்டுகளை ஒடித்துப் பிரிக்கப் போடும் பள்ளம்) விளிம்பிலிருந்தும் 5 மி.மீ.-க்கு மேல் தள்ளி வையுங்கள். வி-கட் அருகே தவிர்க்கவே முடியாவிட்டால் அவற்றின் நீளவாக்கு விளிம்புக்கு இணையாக இருக்கட்டும்.

அப்புறம், நாலு துளையும் போர்டின் நடுவைப் பொறுத்துச் சமச்சீராக இருந்தால் போர்டைத் தலைகீழாகத் திருப்பியும் மாட்டலாம். அசெம்பிளி லைனில் ஒருநாள் ஒருவர் மாட்டவும் செய்வார். ஒரு துளையை 2 மி.மீ. நகர்த்தினால் அந்த வழி அடைபடும்.

ஃபேபுக்கு (போர்டு தயாரிக்கும் ஆலைக்கு) அனுப்பும் முன் லேஅவுட்டைக் காகிதத்தில் 1:1 அளவில் அச்செடுத்து, அட்டையில் ஒட்டி, துளைகளில் நிஜ ஸ்க்ரூ, வாஷர், ஸ்பேசரைப் போட்டுப் பாருங்கள். உயரமான எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர் இருக்கும் இடத்தில் அதையும் நிறுத்தி வைத்துவிட்டு டிரைவரை இறக்குங்கள். சாய்த்துப் பிடித்தால்தான் ஸ்க்ரூவை எட்டுகிறது என்றால், கெப்பாசிட்டரை இப்போதே நகர்த்திவிடலாம்.