பிள்ளைகளோடு ஆர்.வி.யில் கேசினோ ரிசார்ட்டுக்கு

அமெரிக்காவில் பல கேசினோ ரிசார்ட்டுகள் (சூதாட்டத் தளமும் தங்கும் விடுதியும் சேர்ந்த வளாகங்கள்) ஆர்.வி. பார்க்கும் நடத்துகின்றன. ஆர்.வி. என்பது படுக்கையும் சமையலறையும் உள்ள பயண வண்டி; அதை நிறுத்தி உள்ளேயே தங்குவதற்கான இடம்தான் ஆர்.வி. பார்க். மின்சாரம், தண்ணீர், கழிவு இணைப்பு, நீச்சல் குளம், சாப்பாடு எல்லாம் ஒரே வளாகத்தில் கிடைத்துவிடும். பிள்ளைகளும் வருகிறார்கள் என்றால் புக் செய்வதற்கு முன்பே ஒன்றைப் பேசி முடித்துவிடுங்கள்: எந்த நேரத்தில் எந்தப் பெரியவர் பிள்ளைகளோடு இருப்பார்? பெரியவர் இருவரும் சேர்ந்து சூதாடப் போகும் நேரம் என்று ஒன்று இருக்கக் கூடாது. ஒருவர் மாலை 5 முதல் 8 வரை போனால் மற்றவர் பிள்ளைகள் தூங்கியபின் போகட்டும்.

பார்க்கைத் தொலைபேசியில் அழைத்தே கேளுங்கள். சில பார்க்குகளில் பெரியவர்களுக்கு மட்டுமே அனுமதி. ஒரு இடத்துக்கான கட்டணத்தில் எத்தனை பேர் அடக்கம், ஆர்.வி.யில் தங்குபவர்களுக்கு ஹோட்டலின் குளம் உண்டா, குளத்துக்கும் உணவகத்துக்கும் சூதாட்டத் தளத்தைத் தாண்டாமல் போக வழி இருக்கிறதா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கைக்குழந்தையோடு தினம் நான்கு முறை சிகரெட் புகைக்குள் நடக்க நேரும்போதுதான் அதன் அருமை தெரியும். நெவாடாவில் 2006-இல் வந்த புகைத்தடைச் சட்டம் கேசினோவின் சூதாட்டப் பகுதிக்கு விலக்கு அளித்திருக்கிறது.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வெற்றி. ஓரிகானில் பெண்டில்டன் அருகே உள்ள வைல்ட்ஹார்ஸ் கேசினோ ரிசார்ட் நல்ல எடுத்துக்காட்டு: ஆர்.வி. பார்க், திரையரங்கு, பக்கத்திலேயே உமட்டில்லா பழங்குடியினரின் அருங்காட்சியகம். லாஸ் வேகஸில் உள்ள 'சர்க்கஸ் சர்க்கஸ்' என்ற கேசினோ ஹோட்டலில் 1993 முதல் கூரைக்கடியில் இயங்கும் கேளிக்கைப் பூங்கா இருப்பதால் வெயில் நாளிலும் பிள்ளைகளை வைத்திருக்கலாம். நெவாடாவின் லாஃப்லினில் கோடை வெயில் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சிறு பிள்ளைகளோடு ஜூலையில் அங்கே போக வேண்டாம்.

நெவாடாவில் 21 வயதுக்குக் கீழ் உள்ளவர் விளையாடவும் கூடாது, சூதாட்டப் பகுதியில் நின்றுகொண்டிருக்கவும் கூடாது. பழங்குடி நிலத்துக் கேசினோக்களில் வயது வரம்பு 18 அல்லது 21, இடத்துக்கு இடம் மாறும். பிள்ளையோடு தளத்தைக் கடக்க நேர்ந்தால் நடைபாதையிலேயே போங்கள், நிற்காதீர்கள். "ஒரே ஒரு முறை பட்டனை அழுத்தட்டும்" என்று பிள்ளையை ஸ்லாட் மெஷின் (பட்டனை அழுத்தி ஆடும் சூதாட்ட இயந்திரம்) அருகே தூக்கிப் பிடிக்க வேண்டாம். அழுத்தினால் விளையாடியதாகவே கணக்கு, விழுந்த பரிசும் கைக்கு வராது.

பயணத்தின்போது குழந்தை இருக்கையை முன்னோக்கிய, பெல்ட் உள்ள இருக்கையில் மட்டும் கட்டுங்கள். பக்கவாட்டில் பார்க்கும் சோபா கூடாது. பல ஆர்.வி.க்களில் சாப்பாட்டு மேசை இருக்கையின் சட்டம் மரத்தாலானது, மோதலில் உடையும். ஆகவே பெல்ட் வண்டியின் இரும்புச் சட்டத்தில் பிணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இடுப்பு பெல்ட் மட்டும் இருந்தால் பூஸ்டர் இருக்கை (பிள்ளையை உயர்த்தி உட்கார வைக்கும் இருக்கை) வைக்கக் கூடாது, அதற்குத் தோள் பெல்ட் கட்டாயம் வேண்டும். இழுத்துச் செல்லும் டிரெய்லருக்குள் பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள்.

இனி மிக ஆபத்தான தவறு: "ஏ.சி. ஓடுகிறது, பிள்ளை தூங்குகிறது, அரை மணி நேரத்தில் வந்துவிடலாம்" என்று கதவைப் பூட்டிவிட்டுப் போவது. 30 ஆம்ப் இணைப்பில் 120 வோல்ட்டுக்கு மொத்தம் 3,600 வாட்தான். ஏ.சி. ஏறக்குறைய 1,500, மைக்ரோவேவ் 1,500, மின்சார வாட்டர் ஹீட்டர் 1,400 என்று வைத்துக்கொண்டால் மூன்றும் சேர்ந்து 4,400. பிரேக்கர் விழுந்து மின்சாரம் நின்றுவிடும், ஏ.சி.யும் நின்றுவிடும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வெப்பம் நிமிடக் கணக்கில் ஏறும். விழுந்த பிரேக்கர் வெளியே உள்ள பெட்டியில் இருக்கலாம், உள்ளே இருக்கும் ஆறு வயதுப் பிள்ளையால் ஒன்றும் செய்ய முடியாது. பெரியவர் உடன் இருந்தாலும் சமைக்கும்போது வாட்டர் ஹீட்டரை எரிவாயுவுக்கு மாற்றிவிடுங்கள்.

சில ரிசார்ட்டுகளில் மணிக்கணக்கில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மையம் உண்டு. வயது வரம்பும் நேர வரம்பும் உண்டு, பெற்றோர் வளாகத்தை விட்டு வெளியேறக் கூடாது என்பார்கள். முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள்.

இணைப்பு இல்லாத வாகன நிறுத்தத்தில் இரவு தங்குவதானால் செக்யூரிட்டியிடம் முதலில் அனுமதி கேளுங்கள். ஜெனரேட்டர் ஓடும்போது அதன் புகை வரும் பக்கத்து ஜன்னல்களை மூடிவிடுங்கள். பிள்ளைகள் தூங்கும் முன் கார்பன் மோனாக்சைடு (புகையில் உள்ள, மணமில்லாத நச்சு வாயு) அலாரத்தின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். பக்கத்து வண்டியின் புகையும் உள்ளே வரும் என்பதால் தூங்கும் நேரத்தில் ஜெனரேட்டரை நிறுத்திவிட்டாலும் அலாரம் வேலை செய்தாக வேண்டும். ஏ.சி. இல்லாமல் பிள்ளைகள் தூங்க முடியாத வெக்கை என்றால் அங்கே தங்காமல் இணைப்புள்ள இடத்துக்குப் பணம் கட்டுங்கள்.

வந்து இறங்கியதுமே ஆர்.வி. நிற்கும் இடத்தின் எண்ணையும் உங்கள் கைப்பேசி எண்ணையும் பிள்ளையின் மணிக்கட்டுப் பட்டையில் எழுதிக் கட்டுங்கள். வரிசையாக நிற்கும் வெள்ளை வண்டிகளில் நம்முடையது எது என்று இருட்டில் பெரியவர்களே தடுமாறுவதுண்டு.