அப்பிச்சிக்குப் புது டேப்லெட்: வாங்குவதும் ஏழு நாள் சோதிப்பதும்

கோபிசெட்டிபாளையத்துக்கு அருகில் இருக்கும் எங்கள் தோட்டத்து வீட்டில், பெருந்துறைக் கொப்பரை ஏலச் செய்தியை அப்பிச்சி (அம்மாவின் அப்பா) பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிப்பார். எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கட்டும் என்று, புதிதாக விற்பனைக்கு வந்த 11 அங்குல டேப்லெட் ஒன்றைக் கோவை கிராஸ்கட் ரோட்டில் வாங்கினோம்.

சில ஆண்டுகளுக்கு முன் அத்தைக்கு ஒன்று வாங்கியிருந்தோம். அதன் இரண்டு ஒலிபெருக்கிகளில் ஒன்று ஊமை என்பதை இருபதாம் நாள்தான் கண்டுபிடித்தோம். அந்தக் கடையில் மாற்றித் தரும் கெடு ஏழு நாள். அதன்பின் பழுதுபார்க்கும் நிலையத்துக்கு மூன்று முறை அலைந்தோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். முதன்முதலாக டேப்லெட் வாங்குகிறவர்கள் கீழே உள்ள வரிசையில் செய்யுங்கள்.

படி 1: கிளம்புவதற்கு முன்

அதில் என்ன செய்யப்போகிறீர்கள் என்று தாளில் எழுதுங்கள். அப்பிச்சிக்கு நாளிதழ், பேரன் பேத்திகளோடு வீடியோ அழைப்பு, உழவன் செயலியில் சந்தை விலை. இவ்வளவுதான். இதற்கு விலையுயர்ந்த மாடல் தேவையில்லை.

அடுத்து, சிம் போடும் வகையா, வைஃபை மட்டும் உள்ளதா? வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் வைஃபை வகையே போதும், விலையும் குறைவு. எங்கள் தோட்டத்துக்கு இணைப்பு வரவில்லை, அதனால் சிம் வகை எடுத்தோம். ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: சிம் போட்டாலும் பல டேப்லெட்டுகளில் இணையம் மட்டுமே வரும், சாதாரண அழைப்பு பேச முடியாது. ஐபேடின் வைஃபை வகையில் ஜிபிஎஸ் கிடையாது. வழி பார்க்க வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நினைவகத்தில் ஏமாறுகிறவர்கள் அதிகம். விளம்பரத்தில் '8 + 8 ஜிபி ரேம்' என்று போட்டிருந்தால் முதல் எட்டுதான் உண்மையான ரேம். இரண்டாவது எட்டு, சேமிப்பகத்திலிருந்து கடன் வாங்கியது. அதன் வேகம் ரேமின் வேகத்துக்குப் பக்கத்தில்கூட வராது. சேமிப்பகம் 128 ஜிபி என்றாலும் இயங்குதளம் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும்.

படி 2: கடையில்

பெட்டியின் ஒட்டுச்சீட்டில் அதிகபட்ச விற்பனை விலை, தயாரித்த மாதம், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்த விலைக்குள் 18 சதவீத ஜிஎஸ்டியும் அடக்கம். வரி தனி என்று யாராவது சொன்னால் ஒட்டுச்சீட்டைக் காட்டுங்கள். பொருளின் வரிசை எண்ணை பில்லில் எழுதச் சொல்லுங்கள். அது இல்லாத பில், வாரண்டி கேட்கும்போது தொல்லை தரும்.

பெட்டியை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். திரைக்காப்பு ஒட்டுவதற்குக் கடைப் பையன் உடனே தயாராகிவிடுவார், "சற்றுப் பொறுங்கள்" என்று சொல்லுங்கள். கண்ணாடியில் கீறல் இருந்தால் ஒட்டிய பிறகு தெரியாது.

சிம் வகை என்றால் ஐஎம்இஐ எண், அதாவது அந்தச் சாதனத்துக்கே உரிய அடையாள எண், இருக்கும். *#06# அடித்தால் வரும். எண்பலகை இல்லாவிட்டால் அமைப்புகளுக்குள் 'சாதனம் பற்றி' என்ற பகுதியில் இருக்கும். திரையில் உள்ளதும் பெட்டியில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். பிறகு உங்கள் போனில் கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, அந்த 15 இலக்க எண் என்று அடித்து 14422 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். அந்த எண் எந்த நிறுவனத்தின் எந்த மாடலுக்கு உரியது என்று பதில் வரும். இது அரசின் சேவை.

மாற்றித் தரும் கெடு எத்தனை நாள் என்று கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

படி 3: முதல் இரவு

சார்ஜ் ஏற்றி, வைஃபையில் இணைத்து, முதலில் மென்பொருள் புதுப்பிப்பை முடியுங்கள். புதிதாக வெளியான மாடல்களுக்கு இது மிகவும் முக்கியம். பெட்டியை அடைத்த பிறகு கண்டுபிடித்த குறைகளுக்கான திருத்தங்கள் அதில்தான் வரும். கேமரா சரியில்லை, திரை நடுங்குகிறது என்ற தீர்ப்பையெல்லாம் அதற்குப் பிறகு சொல்லலாம்.

பிறகு மொழியைத் தமிழாக்குங்கள், எழுத்தளவைக் கூட்டுங்கள். அப்பிச்சிக்குத் தட்டச்சு வராது. கூகுளின் விசைப்பலகையில் தமிழைச் சேர்த்து, குரல் உள்ளீட்டைக் காட்டிக் கொடுத்தேன். ஒலிவாங்கியைத் தொட்டு "கொப்பரை விலை" என்று சொன்னார், எழுத்து வந்துவிட்டது. "அம்மிணி, இது நம்ம பேச்சையும் கேட்குதே!" என்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

படி 4: கெடுவுக்குள் செய்ய வேண்டிய சோதனைகள்

இங்கே அவசரப்படாதீர்கள். நாளுக்கு ஒன்று போதும்.

வெறும் வெள்ளைப் படம், வெறும் கறுப்புப் படம் இரண்டையும் முழுத்திரையில் வையுங்கள். வெள்ளையில் கரும்புள்ளியோ கறுப்பில் ஒளிப்புள்ளியோ நிலையாக நின்றால் அது பழுது. கறுப்புப் படத்தை இருட்டறையில் பாருங்கள், ஓரங்களில் வெளிச்சம் கசிவதும் தெரியும்.

டேப்லெட்டைக் கிடையாகப் பிடித்து ஒரு பாட்டை ஓடவிட்டு, ஒவ்வொரு பக்கத் துளைகளையும் விரலால் மூடிப் பாருங்கள். அத்தையின் டேப்லெட்டில் இதைச் செய்திருந்தால் முதல் நாளே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

இரவு படுக்கும்போது மின்கல அளவைக் குறித்துவையுங்கள், காலையில் பாருங்கள். சும்மா கிடந்ததற்குப் பத்து சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தால் எந்தச் செயலி தின்கிறது என்று அமைப்புகளில் தேடுங்கள். காரணமான செயலி எதுவும் அகப்படாமல் மறுநாளும் அப்படியே இறங்கினால் கடைக்குக் கொண்டுபோங்கள்.

படம் பார்க்க வாங்கியவர்கள் 'டிஆர்எம் இன்ஃபோ' என்ற செயலியை நிறுவி, வைட்வைன் (படங்களைத் திருட்டு நகலிலிருந்து காக்கும் பூட்டு) என்ற வரியில் எல்1 இருக்கிறதா என்று பாருங்கள். எல்3 என்று இருந்தால், திரை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பல ஓடிடி தளங்கள் மங்கலான தரத்தில்தான் படத்தைக் காட்டும்.

யுபிஐ செயலியை இதில் போட்டுத் திண்டாட வேண்டாம். வங்கியில் பதிவான சிம் அதே சாதனத்தில் இருக்க வேண்டும். பணம் போனிலேயே இருக்கட்டும்.

படி 5: வெயிலில்

கடை விளக்கில் பளிச்சென்று இருந்த திரை, கொப்பரை காயும் களத்தில் கண்ணாடி போல முகத்தைக் காட்டியது. நடுத்தர விலை டேப்லெட்டுகளின் திரைக்கு நேர் வெயிலை வெல்லும் ஒளி கிடையாது. தென்னை நிழலில் நன்றாகவே தெரிகிறது. சித்திரை வெயிலில் காருக்குள்ளோ, களத்துத் திண்டிலோ வைத்துவிட்டு வராதீர்கள். சூடேறினால் திரை தானாக மங்கும், சார்ஜ் ஏறுவது நிற்கும், மின்கலத்தின் ஆயுளும் குறையும்.

இவற்றில் எதிலாவது பழுது தெரிந்தால், அன்றே வீடியோ எடுத்து, பில்லோடு கடைக்குப் போங்கள். நீங்கள் பழுதைச் சொன்ன தேதிக்கு எழுத்தில் சான்று வாங்குங்கள். கடைக்காரர் இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். எங்கள் ஏழாம் நாள் செவ்வாய்க்கிழமை முடிந்தது. புதன்கிழமை காலையில்தான் திரைக்காப்பு ஒட்டினோம்.